கிரகணத்துல உதடு பிளக்காது, தாய்மாரைக் குத்தம் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிரகணம் வந்தாலே நம்ம பத்திரிகையில கர்ப்பிணிகள் செய்யக்கூடாதவைன்னு ஒரு பெட்டிச் செய்தி வந்துடுது. வெளிய வரக்கூடாது, கத்தி அரிவாள்மனை தொடக்கூடாது, மீறினா குழந்தைக்கு உதடு பிளந்துடும்னு. நான் பல் மருத்துவக் கல்லூரியில கருவளர்ச்சிப் பாடம் எடுக்குறேன், உதட்டுப்பிளவு குழந்தைங்க வர்ற ஓபியிலயும் உக்காருறேன், அந்தச் செய்தி கடைசியில யார் தலையில போய் விழுதுன்னு நேர்ல பார்க்குறதால எழுதுறேன்.

2025 நவம்பர் நடுவுல பிறந்த ஒரு குழந்தை வந்துச்சு, இடது பக்கம் உதடும் அண்ணமும் (வாயோட மேல்கூரை) பிளந்திருந்துச்சு. செப்டம்பர் 7ஆம் தேதி சந்திர கிரகணத்தன்னிக்கு இவ மாடிக்குப் போனா டாக்டர், சொன்னா கேட்டாத்தானேன்னு மாமியார் எல்லார் முன்னாடியும் சொல்றாங்க, அந்தப் பொண்ணு தலையை நிமிர்த்தாம குழந்தையைச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு பாலாடையில சொட்டுச் சொட்டா பால் ஊத்திட்டு இருக்கு. அண்ணம் பிளந்த குழந்தையால மார்புல உறிஞ்சிக் குடிக்க முடியாது, அதனால அப்படித்தான் ஊட்டணும், ஒரு வேளைக்கு அரை மணி நேரம் கூட ஆகும். தேதியைக் கணக்கு போட்டுப் பாருங்க. கிரகணத்தன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு ஏழு மாசம். அந்தக் குழந்தையோட மேலுதடு ஒட்டவேண்டிய நேரம் ஏப்ரல் மாசத் தொடக்கத்துலயே வந்து போயிடுச்சு.

எப்படின்னு சொல்றேன். கரு உண்டாகி நாலாவது வாரக் கடைசியில முகம்னு ஒண்ணு கிடையாது, வாய் வரப்போற இடத்துல ஒரு குழி, அதைச் சுத்தி அஞ்சு மேடு. நெத்திப் பக்கம் ஒண்ணு, ரெண்டு பக்கமும் மேல்தாடை மேடு ஒவ்வொண்ணு, கீழ்த்தாடை மேடு ஒவ்வொண்ணு. இந்த மேடுகளை நிரப்புற செல்லுங்க பெரும்பாலும் அங்கயே உண்டானதில்ல, மூளையும் தண்டுவடமும் ஆகப்போற நரம்புக்குழாயோட விளிம்புல இருந்து பிரிஞ்சு அவ்வளவு தூரம் நகர்ந்து வந்ததுங்க. கீழ்த்தாடை மேடு ரெண்டும் சீக்கிரமே நடுவுல சேர்ந்துடும். மேல அவ்வளவு சுலபமில்ல. அஞ்சாவது வாரத்துல நெத்தி மேட்டுல ரெண்டு மூக்குக்குழி விழுது, ஒவ்வொரு குழிக்கும் உள்பக்கம் ஒரு மேடு வெளிப்பக்கம் ஒரு மேடு எழும்புது, மேல்தாடை மேடுங்க ரெண்டு பக்கத்துல இருந்தும் நடுவைப் பார்த்து வளர்ந்து வந்து அந்த உள்மேடு ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு நெருக்குது, ஆறு ஏழாவது வாரத்துல எல்லாம் ஒட்டிக்கிட்டா மேலுதடு முழுசாயிடும். கரு அப்போ ரெண்டு சென்டிமீட்டர் கூட இருக்காது. டாக்டருங்க கடைசி மாதவிடாயில இருந்து எண்ணுவாங்க, அந்தக் கணக்குக்கு இதோட ரெண்டு வாரம் கூட்டிக்கணும்.

உங்க மூக்குக்குக் கீழ விரல் வெச்சுப் பாருங்க. மேலுதட்டு நடுவுல ஒரு பள்ளம், அதுக்கு ரெண்டு பக்கமும் வரப்பு மாதிரி லேசா ஒரு மேடு இருக்கும். அந்த நடுப்பகுதி, மேல் முன்பல் நாலும் முளைக்கிற எலும்பு, அதுக்குப் பின்னாடி அண்ணத்துல ஒரு சின்ன முக்கோணம், இதெல்லாம் உள்மூக்கு மேடுங்க தந்தது. உதட்டோட ரெண்டு ஓரமும் மேல்தாடை மேடுங்க தந்தது. ரெண்டும் சேர்ற இடம் அந்த வரப்புப் பக்கம்தான், அதனாலதான் பிளவு நட்டநடுவுல வர்றது ரொம்ப அபூர்வம், பக்கத்துலதான் வரும், அதுலயும் இடது பக்கம் அதிகம். கத்தி பட்டா இப்படி இடம் பார்த்துப் படுமா?

அண்ணம் இன்னும் லேட். மேல்தாடை மேடுகள்ல இருந்து ரெண்டு தட்டு நாக்குக்கு ரெண்டு பக்கமும் கீழ் நோக்கித் தொங்கிட்டிருக்கும், ஏழு எட்டாவது வாரத்துல தாடை வளர்ந்து நாக்கு கீழ இறங்கினதும் ரெண்டும் மேல எழும்பி படுக்கை வாக்குல வந்து நடுவுல தொடணும். தொட்டா மட்டும் போதாது, இடையில சிக்குற மேல்படலம் கரைஞ்சு மறைஞ்சாதான் உள்திசு ஒண்ணா சேரும். பன்னெண்டு வாரத்துக்குள்ள வேலை முடிஞ்சிடும். சில குழந்தைக்குக் கீழ்த்தாடை ரொம்பச் சின்னதா இருந்து நாக்கு இறங்க இடமில்லாம குறுக்க நின்னுடும், அண்ணம் அகலமா திறந்தே இருந்துடும்.

ஏன் ஒட்டாம போகுதுன்னு கேட்டா, பல ஜீன்களும் சூழலும் சேர்ந்த விஷயம், பெரும்பாலான குழந்தைக்கு இதுதான் காரணம்னு ஒண்ணைக் கைகாட்ட முடியாது. சிகரெட், சில வலிப்பு மாத்திரை, கர்ப்பத்துக்கு முன்னாடியே கட்டுப்பாட்டுல இல்லாத சர்க்கரை, இதெல்லாம் ஆபத்தைக் கூட்டும். (வலிப்பு மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டர்கிட்ட பேசுங்க.) நாங்க குழந்தையைப் பார்க்கும்போது அப்பா அம்மா ரெண்டு பேர் கீழுதட்டையும் பார்ப்போம், அங்க ரெண்டு சின்னக் குழி இருந்தா அது வான் டெர் வூட் சிண்ட்ரோமா இருக்கலாம், ஒரு ஜீன் மாற்றம், அந்த மாற்றம் அடுத்த குழந்தைக்கும் வர்றதுக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா வழியில இருந்தும் வரும், இருந்தும் கேள்வி கேட்குறது அம்மாவை மட்டும்தான்.

இந்தப் பழியால குழந்தைக்கும் நஷ்டம். வெளிய காட்ட வெக்கப்பட்டு சில வீட்டுல லேட்டா கூட்டிட்டு வர்றாங்க. உதட்டுக்கு மூணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள, அண்ணத்துக்கு ஒம்பது மாசத்துல இருந்து ஒன்றரை வயசுக்குள்ள ஆபரேஷன் பண்றதுதான் வழக்கம், அண்ணத்தைத் தள்ளிப்போட்டா பேச்சு மூக்கால வர ஆரம்பிச்சு அப்புறம் திருத்துறது பெரிய பாடு.

அதனால அடுத்த கிரகணத்துக்கு அந்தப் பெட்டிச் செய்தியைப் போடாதீங்க. அந்த இடத்துல, குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் போலிக் ஆசிட் ஆரம்பிக்கச் சொல்லிப் போடுங்க, முதுகுத்தண்டுக் குறைபாடுகளைத் தடுக்கும், உதட்டுப்பிளவு ஆபத்தையும் குறைக்கலாம். நாள் தள்ளிப்போய் டெஸ்ட் எடுத்து டாக்டரைப் பார்க்குறதுக்குள்ள முகம் பாதி உருவாகியிருக்கும், அதான் முன்கூட்டியே வேணும்ங்கிறது. உதடு பிளந்து பிறந்த குழந்தையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, தேசிய சிறார் நலத் திட்டத்துல ஆபரேஷன் இலவசம்னும் ரெண்டு வரி சேர்த்துடுங்க.

இப்படிக்கு,
பல் மருத்துவக் கல்லூரி ஆசிரியை, மதுரை