கொலுசுக்கு வளையல் என்றார்

சேலம் செவ்வாய்ப்பேட்டை சொந்தங்களுக்கும் வெள்ளிப் பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

சென்னையில் மூளைக் கட்டிக்கு அறுவை முடிந்து, நேற்று விடியும் முன்னே ஏற்காடு எக்ஸ்பிரஸில் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டேன். தையல் பிரித்தாயிற்று. பேசுகிறார். நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒவ்வொருவருக்கும் போன் போட்டு நன்றி சொல்லலாம் என்று உட்கார்ந்தேன், மூன்றாவது ஆளிடமே அழுதுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ரத்தம் கொடுக்கச் சென்னைக்கே வந்த தம்பிகள், வட்டி பேசாமல் முன்பணம் கொடுத்த கடைக்காரர், பிள்ளைகளுக்குப் பதினேழு நாள் சோறு போட்ட பக்கத்து வீட்டு அக்கா, பெரிய டாக்டர், மயக்க டாக்டர், ராத்திரி நர்ஸுகள், கீழ் பெர்த்தை விட்டுக்கொடுத்த முகம் தெரியாத அண்ணன், எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்கு நான் எழுத வந்தது ஒரு பெண்ணைப் பற்றி. சோதனை அறையில் வேலை பார்க்கிற பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

கட்டி இடது பக்கம், பேச்சு இருக்கிற இடத்தை ஒட்டி என்றார்கள். அந்த இடம் எல்லாருக்கும் அச்சடித்த மாதிரி ஒரே இடத்தில் இருப்பதில்லையாம். சாதாரண ஸ்கேனில் கட்டி தெரியும், பேச்சு தெரியாது. அதற்காகத்தான் மண்டையைத் திறக்கும் முன்னே வெளியிலிருந்தே ஒரு சோதனை. எட்டைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு காயிலை, அதாவது கம்பிச் சுருளை, தலைமேல் வைக்கிறார்கள். அதில் கண்ணிமைக்கும் நேரத்துக்குக் காந்த சக்தி வந்து போகும். அந்த வேகத்தில் உள்ளே மூளையில் கொஞ்சம் மின்சாரம் உண்டாகும். "சைக்கிள் டைனமோவில் காந்தம் சுற்றினால் லைட் எரியுதில்லீங்களா, அதே கணக்குதான்" என்று அந்தப் பெண் சொன்னதும் அவருக்குப் பாதி பயம் போய்விட்டது. 1985-லேயே இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஊரில் பார்க்கர் என்பவர் இப்படிக் காந்தத்தால் மூளையைத் தூண்டிக் காட்டிவிட்டாராம், பையன் தேடிப் படித்துச் சொன்னான். காந்தம் வைத்தால் ஞாபகமெல்லாம் அழிந்துவிடும் என்று பயமுறுத்திய சித்தப்பாவுக்காக இதை எழுதுகிறேன்.

காயில் ஒரு இடத்தில் 'டக்' என்றதும் அவருடைய வலது கட்டைவிரல் தானாகத் துடித்தது. குறடு பிடிக்கிற விரல். விரலில் ஒட்டியிருந்த பட்டை வழியாக அந்தத் துடிப்பு திரையில் கோடாக விழுந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் பேச்சைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. திரையில் படம் வரும், பெயர் சொல்ல வேண்டும். காந்தம் பேச்சு இருக்கிற இடத்தில் பட்டால் அந்த நேரம் மட்டும் பெயர் தடுமாறுமாம், அதை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். முதலில் காந்தம் இல்லாமல் ஒரு சுற்று. அதில் தடுமாறுகிற படங்களை எடுத்துவிடுவார்கள், அப்போதுதான் பிறகு தடுமாறினால் அது காந்தத்தால் என்று தெரியும். வந்த படங்களில் பாதி அவர் வாழ்க்கையில் பார்க்காதவை. பனிச்சறுக்குக் கட்டை, என்னவோ வெளிநாட்டு வாத்தியம். எட்டாவதோடு பட்டறைக்கு வந்த மனிதர். நாலைந்து படம் தவறியதும் என் பக்கம் திரும்பி, "என்னம்மா, அதுக்குள்ள மூளை போயிடுச்சா?" என்றார்.

அந்தப் பெண் மெஷினை நிறுத்திவிட்டாள். "உங்க மேல தப்பில்லைங்கய்யா, படத்து மேலதான் தப்பு" என்றாள். அன்று சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் வார்டுக்கே வந்து கட்டில் ஓரத்தில் நோட்டோடு உட்கார்ந்தாள். பட்டறையில் என்னென்ன இருக்கும், காலையில் என்ன சாப்பிடுவீர்கள், கடைத்தெருவில் என்ன விற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். திருகாணி என்றதும், "காதுல போடுறதா?" என்றாள். "கொலுசுக்கும் உண்டு பாப்பா" என்று அவர் அரை மணி நேரம் பாடம் எடுத்தார். ஒரு மாதமாக நான் பார்க்காத முகம் அது.

ராத்திரி பத்து மணிக்குக் கொழுந்தனார் பட்டறையைத் திறந்து, வெள்ளை வேட்டியை விரித்து, ஒவ்வொரு சாமானாக வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினார். குறடு, தராசு, ஊதுகுழல், சலங்கை, கொலுசு. இரண்டு படத்தில் அவர் கால் கட்டைவிரலும் விழுந்திருந்தது. அதையெல்லாம் அவள்தான் வெட்டிச் சரிசெய்தாள். மாம்பழப் படத்துக்கு மட்டும் இவர் ஒருமுறை மல்கோவா, ஒருமுறை மாம்பழம் என்று மாற்றி மாற்றிச் சொன்னார். எப்போதும் ஒரே பெயர்தான் வர வேண்டும் என்று அதை நீக்கிவிட்டாள். எங்கள் ஊர்த் தின்பண்டமான தட்டுவடை செட் தேறிவிட்டது.

மறுநாள் அரைஞாண் கொடியைக்கூடக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். காதில் அடைப்பான். டக் டக் டக். தராசு, சரி. குறடு, சரி. காயில் ஒரு விரல்கடை நகர்ந்தது. கொலுசுப் படம் வந்தது. "வளையல்" என்றார். முப்பது வருஷமாகக் கொலுசு செய்கிற மனிதர். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அவளோ திரையில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். காயிலை நகர்த்தினாள். "கொலுசு" என்றார். கையை வைக்கக் கூடாத இடம் அதுவாக இருக்கலாம் என்று டாக்டருக்குக் காட்டத்தான் அந்தப் புள்ளி.

அதையே முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுவை நடக்கும்போது அவரை விழிக்கவைத்து, மூளையை நேராகவே தொட்டு மின்சாரம் கொடுத்து மறுபடி சரிபார்த்தார்கள். மூளைக்கு வலி தெரியாதாம். அப்போதும் அவருக்குக் காட்டியது இதே படங்கள்தான். நான் வெளியே இருந்தேன். அவள்தான் முகக்கவசத்தோடு ஓடிவந்து, "கடைசிப் படம் வரைக்கும் சொல்லிட்டாருங்கம்மா, திருகாணிகூட" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

ஆடிக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலில் உருளுதண்டம் போடுவதாக வேண்டியிருக்கிறேன். அது அம்மனுக்கு. அவளுக்கு என்ன செய்வது? பணம் நீட்டினேன், கோபித்துக்கொண்டாள்.

சில வார்த்தைகள் இன்னும் மெதுவாகத்தான் வருகின்றன. ஆனாலும் இன்று காலை, நான் தடுக்கத் தடுக்க, அரை மணி நேரம் பட்டறையில் உட்கார்ந்தார். கம்பியை எடுத்து வைத்திருக்கிறார். பாப்பா, நீ இதைப் படித்தால் உன் கால் அளவை மட்டும் அனுப்பு.