அளவுத் தாளில் எடைக் கட்டம்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. புது சைக்கிள் ஃப்ரேமுக்காக நீ அனுப்பிய அளவுத் தாள் வந்து சேர்ந்தது. போன் எடுக்க நேரமில்லாதவள், ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் எல்லாவற்றையும் அளந்து அனுப்பியிருக்கிறாய். கீழே ஒரே ஒரு வரி: ஸ்டீலா, டைட்டானியமா, எது மெத்தென்று ஓடும்? பதில் எழுதுகிறேன். அதற்கு முன் எடைக் கட்டத்தைப் பார். 49 கிலோ என்று இருக்கிறது. இப்போது நீ ஓட்டும் ஃப்ரேமுக்குக் கொடுத்த தாளில் 58. கை தவறி எழுதியிருந்தால் திருத்தி அனுப்பு. தராசில் ஏறிப் பார்த்து எழுதியதுதான் என்றால் அதையும் சொல். ஓட்டுகிறவரின் எடையை வைத்துத்தான் குழாய் தேர்வே தொடங்கும், அதனால் கேட்கிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். உலோகத்தின் பெயரை வைத்து ஓட்டம் எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்டீலின் மீட்சிக் கெழு, அதாவது வளையாமல் நிற்கும் உலோகத்தின் இயல்பு, ஏறக்குறைய 205 கிகாபாஸ்கல், டைட்டானியம் 3-2.5 கலவைக்கு 105 பக்கம், அலுமினியத்துக்கு 70. ஸ்டீலுக்குள் விலையுயர்ந்த ரெனால்ட்ஸ் 853 ஆனாலும் குரோமோலி என்கிற சாதாரண ஸ்டீல் கலவை ஆனாலும் விறைப்பு ஒன்றுதான். விலை கூடக் கூட வலிமைதான் கூடும். வலிமை கூடினால் குழாயின் சுவரை மெலிதாக்கலாம், சுவர் மெலிந்தால்தான் குழாய் வளைந்து கொடுக்கும். விலையுயர்ந்த குழாயைப் பழைய தடிமனிலேயே போட்டால் உனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

சுவரைவிடப் பெரிய விஷயம் விட்டம். மெல்லிய சுவர்க் குழாயில் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். கீழ்க்குழாயை 28.6 மி.மீ.யிலிருந்து 31.8க்கு மாற்றினால், சுவர் அதே அளவாக இருக்கும்போதே, விறைப்பு முப்பத்தேழு சதவீதம் கூடிவிடும். எடை கூடுவது பதினோரு சதவீதம்தான். சுவரை நடுப்பகுதியில் 0.5லிருந்து 0.4க்குக் குறைத்தால் அந்தப் பகுதியின் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு குறையும். டைட்டானியத்தில் செய்கிறவர்கள் கெழு பாதி என்பதால் குழாயைப் பெரிதாக எடுக்கிறார்கள். 35, 38 என்று போய்விட்டால் மிதிக்கும்போது நல்ல ஸ்டீல் ஃப்ரேமிலிருந்து பிரித்தறிவது கஷ்டம். ஸ்டீலின் விட்டத்திலேயே டைட்டானியத்தைப் போட்டால் நூடுல்ஸ் மாதிரி ஆடும். ஆக உலோகத்தைக் கேட்காதே. மேல்குழாய், கீழ்க்குழாய், பின்சக்கரத்துக்குச் சீட்டிலிருந்து இறங்கும் சீட்ஸ்டே, மிதிப் பக்கத்திலிருந்து போகும் செயின்ஸ்டே நான்கின் விட்டத்தையும் சுவரையும் எழுதி வாங்கு. டைட்டானியம்தான் என்று முடிவு செய்தால் மட்டும் வெல்டிங்கின் நிறத்தைப் பார்: வெள்ளியோ இளம் வைக்கோல் நிறமோ நல்லது, நீலம் சந்தேகம், சாம்பல் வெளுப்பு என்றால் வெல்டிங்கைக் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கான் வாயு சரியாகப் போகவில்லை, அந்த இடம் பிற்பாடு விரிசல் விடும்.

1990களில் ஓர் அமெரிக்க சைக்கிள் பத்திரிகைக்காக இத்தாலியின் அன்டோனியோ மொண்டோனிகோ ஏழு ஃப்ரேம்கள் செய்தார். அளவும் வண்ணமும் ஒன்று. கொலம்பஸ் கம்பெனியின் குழாய் வகை மட்டும் மலிவிலிருந்து உயர்ரகம் வரை வேறு வேறு. எது எந்த வகை என்று தெரியாமல் ஓட்டியவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பின்னாளில் சைக்கிள் பத்திரிகை நடத்தும் யான் ஹைனேயின் குழு சுவர்த் தடிமன் வேறான ஃப்ரேம்களை அதே மாதிரி மறைத்து வைத்து ஓட்டியபோது சிலருக்கு வித்தியாசம் தெரிந்தது. இரண்டையும் நான் நம்புகிறேன். மிதிக்கும் விசையில் பாட்டம் பிராக்கெட், அதாவது மிதியின் அச்சு உட்காரும் இடம், பக்கம் பக்கமாக ஒதுங்கித் திரும்பும்போது, அது மிதியின் தாளத்தோடு சேர்ந்தால் ஃப்ரேம் உயிரோடு இருப்பதுபோலத் தோன்றும். அதற்கு முதலில் அதை ஒதுக்கும் அளவுக்கு மிதிக்க வேண்டும். மிதியில் விசை இல்லையென்றால் எந்த ஃப்ரேமும் கட்டைதான்.

இப்போதைய ஃப்ரேம் "செத்துப்போய் ஓடுகிறது" என்று தாளின் ஓரத்தில் எழுதியிருக்கிறாய். போன வருடம் இதே ஃப்ரேமைப் புகழ்ந்து நீ எழுதியது என்னிடம் இருக்கிறது. ஸ்டீல் பழசாகி இளகாது. வெடிப்பு விழுந்தால் ஒழிய அதன் விறைப்பு மாறாது. எனவே முதலில் வெடிப்பைப் பார். கீழ்க்குழாய் ஹேண்டில் இறங்கும் ஹெட் குழாயோடு சேரும் இடத்தின் அடிப்பக்கம், செயின்ஸ்டே பின்சக்கர அச்சைப் பிடிக்கும் டிராப்அவுட்டில் முடியும் இடம், பாட்டம் பிராக்கெட்டுக்குப் பின்னால் இரண்டு செயின்ஸ்டேயும், சீட் குழாயில் கிளாம்ப் வாய். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார். முடி போன்ற கோடோ, பெயின்ட் கீறலிலிருந்து துரு கசிந்த அடையாளமோ இருக்கக் கூடாது. பிறகு முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, ஹெட் குழாய்க்குள் இருக்கும் பேரிங்கான ஹெட்செட் தளர்ந்திருக்கிறதா பார். வீலைப் பக்கவாட்டில் அசைத்து ஹப் பேரிங்கையும், ஸ்போக்குகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்தி இழுவையையும் பார். எல்லாம் சரி என்றால் ஃப்ரேம் மாறவில்லை. மாறியது வேறு.

காற்றைச் சொல்கிறேன். 28 மி.மீ. டயரில் 80 பி.எஸ்.ஐ. அடிப்பதாக எழுதியிருக்கிறாய். 58 கிலோவுக்கே அது கொஞ்சம் அதிகம். வண்டியும் தண்ணீரும் பத்து கிலோ என்று வைத்தால் அப்போது மொத்தம் 68, இப்போது 59. டயர் அதே அளவு அமுங்க வேண்டுமானால் அழுத்தத்தையும் அதே விகிதத்தில் இறக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 70தான் வருகிறது, நான் பின்னால் 65, முன்னால் 58 என்று தொடங்கச் சொல்வேன். சைக்கிள் எழுத்தாளர் பிராங்க் பெர்ட்டோ சொன்ன கணக்கு நினைவிருக்கும்: ஏறி உட்கார்ந்ததும் டயரின் உயரத்தில் பதினைந்து சதவீதம் அமுங்க வேண்டும். டைமண்ட் ஃப்ரேம், அதாவது இரண்டு முக்கோணமாகச் சேர்ந்த வழக்கமான ஃப்ரேம், மேலும் கீழுமாக வளைவதே இல்லை என்று சொல்லலாம், முக்கோணங்கள் விடாது. உலுக்கலை வாங்குவது டயர், அதற்குப் பிறகு சீட் போஸ்ட், சீட், ஹேண்டில்பார் டேப், கடைசியில்தான் ஃபோர்க். எடை குறைந்தும் காற்று குறையாவிட்டால் நேற்றுவரை மெத்தென்று ஓடிய வண்டி இன்று உதறும். சீட் உறுத்துகிறது என்றும் எழுதியிருக்கிறாய். இடுப்பு எலும்பின்மேல் சதை குறைந்தால் சீட் உறுத்தத்தான் செய்யும், அது சீட்டின் தவறில்லை.

எடையை மறுபடி பார். காலையில், சாப்பிடும் முன், நல்ல தராசில்.

டிரெயில் கணக்கை, அதாவது ஹேண்டில் அச்சை நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்குப் பின்னால் டயர் எவ்வளவு தள்ளித் தொடுகிறது என்பதை, நீயே போட்டிருப்பதைப் பார்த்தேன். ஹெட் குழாயின் கோணம் 73, ரேக் (அந்த அச்சிலிருந்து முன்சக்கர அச்சு முன்தள்ளி நிற்கும் அளவு) 45, டயரோடு சேர்த்து ஆரம் 340, டிரெயில் 57. சரி பார்த்தேன், சரியாகவே இருக்கிறது. இதைப் போடத் தெரியாமல் ஃப்ரேமுக்குச் சொல்லிவிட்டு, வந்த பிறகு ஹேண்டில் பதறுகிறது என்று புலம்புகிறவர்கள் எத்தனையோ பேர். அப்பாவிடம் சொன்னேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சந்தோஷப்பட்டார். 32 டயருக்குப் போனால் ஆரம் நான்கு மில்லிமீட்டர் ஏறும், டிரெயில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கூடும், அதற்காக எதையும் மாற்றாதே. ரேக்கை 50 ஆக்கினால் 52க்கு இறங்கும். கைப்பிடி லேசாகும், ஆனால் காற்றடிக்கும் இறக்கத்தில் உன் இப்போதைய எடைக்கு அது வேண்டாம். கோணத்தை 72 ஆக்கி ரேக் 50 வைத்தால் 58 வரும், கூடவே முன்சக்கரம் தள்ளிப் போவதால் திருப்பத்தில் உன் ஷூ நுனி டயரில் இடிக்காது. உன் அளவு ஃப்ரேமுக்கு அதுதான் என் தேர்வு.

டிஸ்க் பிரேக் கேட்டிருக்கிறாய். போடு, ஆனால் தெரிந்து போடு. பிரேக் விசை ஃபோர்க் காலின் அடியில் வந்து சேர்வதால் காலைத் தடித்துத்தான் செய்ய முடியும். முன்பக்க மென்மையில் ஒரு பங்கு அங்கே போகும். அதை 32 டயரில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சீட் போஸ்ட் 27.2 போதும், 31.6 வேண்டாம். மேல்குழாயைக் கொஞ்சம் சாய்த்தால் போஸ்ட் நீளமாக வெளியே நிற்கும், அதுவும் வளைந்து கொடுக்கும்.

ஸ்டாக் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து ஹெட் குழாயின் உச்சி வரை உயரம்) 25 மி.மீ. ஏற்ற வேண்டும், ரீச் (அதே இரண்டுக்கும் இடையே முன்னோக்கிய தூரம்) 15 குறைக்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபடவில்லை. சீட் உயரம் பழைய தாளில் உள்ளதேதான். கை நீளமும் முதுகு நீளமும் அதேதான். பின் எதற்கு? பதிலை நானே யோசித்தேன். வலுவாக மிதிக்கும்போது அந்த எதிர்விசையே மேலுடம்பைத் தாங்கும், கையில் பாரம் இறங்காது. மிதி தளர்ந்தால் அந்தப் பாரம் உள்ளங்கைக்கு வரும், விரல் மரத்துப்போகும், கழுத்து பிடிக்கும், ஹேண்டில்பார் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். ஃப்ரேம் கட்டையாகத் தெரிவது, டயர் உதறுவது, சீட் உறுத்துவது, கை மரப்பது, எல்லாம் ஒரே பக்கம்தான் காட்டுகின்றன. தாளில் இத்தனை எழுதத் தெரிந்த உனக்கு அதை மட்டும் எழுத வரவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்.

ஆனால் ஒன்று, ஹெட் குழாயை இப்போதைய உடம்புக்கு வெட்டச் சொல்லாதே. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மை 100லிருந்து 90 ஆக்கு, அதையும் திருப்பிப் போட்டு மேல்நோக்கி வை. ஃபோர்க்கின் மேல்தண்டான ஸ்டியரரில் நீளம் இருந்தால் ஸ்டெம்முக்கு அடியில் 20 மி.மீ. ஸ்பேசர் வளையம் சேர். நீ கேட்ட மாற்றத்தில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும், திரும்ப வேண்டுமென்றால் ஓர் ஆலன் சாவி போதும். வெட்டிய குழாயைத் திருப்ப எந்தச் சாவியும் இல்லை. அப்படியே இரண்டு மாதம் ஓட்டு, அளவாக ஓட்டு, சாப்பிட்டுவிட்டு ஓட்டு.

வேறு ஃப்ரேம்களை ஓட்டிப் பார்ப்பதானால் உன் வீலைக் கழற்றிக்கொண்டு போ. அதே வீல், அதே டயர், அதே அழுத்தம், அதே சீட், பாட்டம் பிராக்கெட் நடுவிலிருந்து அதே உயரம், அதே பாதை. இதில் ஒன்று மாறினாலும் நீ ஒப்பிடுவது ஃப்ரேமை இல்லை. சோர்ந்த உடம்போடு ஒன்றையும் புத்துணர்ச்சியோடு இன்னொன்றையும் ஓட்டிவிட்டுத் தீர்ப்பு எழுதாதே.

குழாய்க்கு வருகிறேன். 49 கிலோவுக்கு என்றால் மேல்குழாய் 25.4, கீழ்க்குழாய் 28.6, இரண்டும் சுவர் 0.7/0.4/0.7 (முனை, நடு, முனை) தாராளமாகப் போதும். 58க்கும் நீ பழையபடி மிதிப்பதற்கும் என்றால் கீழ்க்குழாயை 31.8 ஆக்கி, மேல்குழாயை 28.6 வைக்கச் சொல்வேன். சீட்ஸ்டே 14 மி.மீ. இரண்டுக்கும் சரி. ஸ்டீல் ஃப்ரேம் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் முப்பது வருடம் நிற்கும். இந்த ஒரு வருடத்தின் எடைக்கு அதைச் செய்து வைத்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது. இரண்டாவதைத்தான் செய்யச் சொல்.

தாளில் எடைக்குக் கீழே இன்னொரு கட்டம் போட்டிருக்கிறேன். மேலே இப்போதைய எடை, தேதியோடு, நீ எழுது. கீழே ஃப்ரேம் எந்த எடைக்கு என்று. அதில் 58 என்று நானே எழுதிவிட்டேன், அழிக்காதே. அப்பாவிடம் பழைய தாளைத்தான் காட்டினேன். தம்பிக்கு மாற்றல் வந்திருக்கிறது, அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்வார், எடு.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: பம்பில் இருக்கும் காற்றழுத்த மானியை நம்பாதே, குறைந்த அழுத்தத்தில் அவை ஐந்தாறு பி.எஸ்.ஐ. தவறுவது சகஜம். தனி மானி ஒன்று வாங்கி, எப்போதும் அதிலேயே பார். 65 என்பது அந்த மானியில்.