காயம்பட்ட காகிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. வங்க ஓவியரும் சிற்பியுமான சோம்நாத் ஹோரின் ‘காயங்கள்’ வரிசை மாதிரி, வெள்ளைக் காகிதத்தில் மையில்லாமல் கீறல்களே படமாக நிற்கிற ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். செய். ஆனால் தயாராக இருக்கிற காகிதத்தை அழுத்திப் புடைப்பு எடுக்கிற வேலை என்று நீ நினைத்திருப்பது சரியில்லை. அங்கே காகிதமும் படமும் ஒன்றாகவே பிறக்கின்றன.

1943 வங்கப் பஞ்சத்தை வரைந்த கை அது. 1970களில் சாந்திநிகேதனில் மையையே விட்டுவிட்டு வெள்ளைக் காகிதக் கூழுக்கு வந்தார். களிமண் பலகையில் கீறல், அதன்மேல் சிமென்ட் அச்சு, அச்சின்மேல் கூழ். களிமண்ணில் பள்ளமான கீறல் சிமென்டில் மேடாகி, கூழில் மறுபடி பள்ளமாகிறது. இரண்டு தரம் திரும்புவதால் இடவலம் மாறாது. செப்புத்தகட்டில் செதுக்கி, இடவலம் மாறியே அச்செடுத்துப் பழகியவர்களுக்கு இது பழக இரண்டு நாள் ஆகும்.

கீறலை நேர்க்குத்தாகவோ வாய் அகன்றதாகவோ வெட்டு. உள்ளே குடைந்து வெட்டினால் கூழ் சிக்கிக்கொண்டு, உரிக்கும்போது கிழியும். களிமண் ஈரமாக இருக்கும்போதே சுற்றிலும் கட்டை வைத்து, முதலில் வெறும் சிமென்ட் கரைசலைத் தூரிகையால் பூசு. நுணுக்கத்தைப் பிடிப்பது அந்த ஒரு பூச்சுதான். பிறகு சிமென்ட் ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டு பங்கு, நடுவே கோழிவலை. மறுநாள் பிரித்து, ஈரச்சாக்கு போர்த்தி ஏழு நாள் வை.

கூழுக்குப் பனியன் கட்டிங் வேஸ்ட் போதும். ஒரு நூலைக் கொளுத்திப் பார்: சாம்பலானால் பருத்தி, உருண்டையாக உருகினால் பாலியெஸ்டர் கலப்பு, தூக்கிப் போடு. அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஒரு கிலோவுக்கு 50 கிராம் சலவை சோடா சேர்த்து இரண்டு மணி நேரம் வேகவைத்து, வழவழப்புப் போகும்வரை அலசு. மிக்ஸியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு சிறு பிடிக்கு மேல் போடாதே. பின்னல் துணி பிளேடில் சுற்றி மோட்டாரைக் கொன்றுவிடும்.

எல்லாரும் கோட்டை விடுவது மிக்ஸியில் கூழ் அடிப்பதில்தான். அதிகம் அடித்த கூழ் வழவழப்பாக, அழகாக இருக்கும். காயும்போது இறுகிச் சுருங்கி, ஓரம் தூக்கி, மெல்லிய கீறல்களைக் கோணலாக்கும். குறைவாக அடித்தால் நூல்முடிச்சு நிற்கும், கீறலின் விளிம்பு மழுங்கும். கொஞ்சம் கூழைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கலக்கிப் பார். முடிச்சு போய், இழைகள் மேகம் மாதிரி மிதக்கும்போதே நிறுத்து. பசை வேண்டியதில்லை; ஈரம் வற்றும்போது இழைகள் தாமாகவே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். மை படப்போவதில்லை என்பதால், மை ஊறாமல் தடுக்கச் சேர்க்கும் கஞ்சியும் வேண்டாம்.

பிழிந்த கூழை ஒரு செ.மீ. கனத்துக்குப் பரப்பு, காய்ந்தால் 2 மி.மீ. அளவுதான் மிஞ்சும். மேலே மெல்லிய துணி போட்டு, பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி ஒற்றி நீரை எடு. தேய்த்தால் கூழ் நகர்ந்து கீறல் இரட்டை விழும். கூழ் ஒட்டாமலிருக்க, பரப்பும் முன்பே அச்சுக்கு அரக்குப் பூசச் சொல்வார்கள். கனமாகப் பூசினால் சிமென்ட் நீரை உறிஞ்சாது, கூழ் பூசணம் பிடிக்கும். நீர்க்கக் கரைத்து ஒரே ஒரு கை பூசு. எண்ணெய் கூடவே கூடாது, மஞ்சளாகக் கறை ஏறும். சிமென்டின் காரத்துக்குப் பயப்படாதே, காகிதத்துக்குப் பகை அமிலம்தான்.

நிழலில் மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள். ஓரம் தானாக விட்டுக்கொடுத்த பிறகே கை வை. மாட்டும்போது நேர் எதிரே விளக்கு வேண்டாம். வெறும் வெள்ளைச் சதுரம்தான் தெரியும். பக்கச் சன்னல் ஓரமாக மாட்டு.

முதல் வார்ப்பு எப்படி வந்தது என்று எழுது. கிழிந்தாலும் தூக்கி எறியாதே, ஊறவைத்தால் மறுபடி கூழ்தான்.

அன்புடன்,
உன் நண்பன்