பின்னால் உட்கார்ந்தவள் சொல்வது

கிருஷ்ணகிரி
ஞாயிறு ராத்திரி

கண்ணு,

போனில் நீ கேட்டபோது "நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் உன் சிநேகிதன் குரல் கேட்டது. ஆசையாக வாங்கிய வண்டியை அவன் காதுபடக் குறை சொல்ல மனசு வரவில்லை. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கப்பா எதிரில் கட்டிலில் படுத்துக்கொண்டு, நான் எழுதுவது சரியா என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உன்னிடம் இருக்கிற ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350-க்குப் பதிலாக, உன் சிநேகிதனுடையது மாதிரி சூப்பர் மீட்டியோர் 650 வாங்கப் பார்க்கிறாய். "மீட்டியோர் 350-ஆ, சூப்பர் மீட்டியோர் 650-ஆ, எது சொகுசு, ஒரே வார்த்தையில சொல்லும்மா" என்றாய். ஒரே வார்த்தையில் எப்படிச் சொல்வது? நம் வீட்டிலிருந்து காவேரிப்பட்டணம் வரைக்கும் ஒரு பதில், பாலக்கோட்டுக்கு அப்புறம் வேறொரு பதில்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போகும்போது உன் வண்டி, வரும்போது அவன் வண்டி, இரண்டுக்கும் ஒரே ரோடு என்று நீ ஏற்பாடு செய்தது சரியான வேலை. உங்கப்பாவுக்கு அதில் ரொம்பத் திருப்தி. ஒரு வண்டியை ஹைவேயிலும் இன்னொன்றைச் சந்திலும் ஓட்டிப் பார்த்துவிட்டு நியாயம் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

ஒகேனக்கல் போகும்போது உன் மீட்டியோர். நெடுஞ்சாலையில் நீ 90-ஐத் தொட்டதும் கால் வைக்கிற இடத்தில் குறுகுறுவென்று எறும்பு ஊர்ந்தது. லாரி ஒன்று பக்கத்தில் போனால் வண்டி ஒரு நடுக்கம் நடுங்கியது. முந்துவதற்கு நீ முறுக்கும்போது அது மூச்சு வாங்கியது எனக்கே தெரிந்தது. இரண்டு பேரைச் சுமந்துகொண்டு 20 குதிரை சக்தியில் அது எவ்வளவுதான் பறக்கும், பாவம். ஆனால் பாலக்கோடு தாண்டி, பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம் போகிற வரைக்கும், ஒட்டுப்போட்ட தார், ஊருக்கு ஊர் ஸ்பீடு பிரேக்கர், தண்ணிக் குழாய்க்கு வெட்டி மூடின பள்ளம் என்று எதுவுமே என்னை ரொம்ப வாட்டவில்லை. ஆட்டியது, ஆனால் அடிக்கவில்லை. இறங்கினதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேராக நடந்து போனேன், நீ கவனித்தாயோ இல்லையோ.

நீங்கள் இரண்டு பேரும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போன நேரத்தில் நான் பரிசல் துறைப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பெரிய வண்டியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சீட்டு எவ்வளவு தாழ்வு! 740 மில்லி மீட்டராம். உன்னுடையது 765. நான் புடவையில் ஏறுவதற்குப் பெரிய வண்டிதான் சுலபம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

திரும்பும்போது மலை ஏறி வந்ததே தெரியவில்லை. ஆனால் பென்னாகரம் தாண்டி முதல் ஸ்பீடு பிரேக்கரில் பின்சக்கரம் ஏறி இறங்கியபோது அடியிலிருந்து ஒரு குத்து வந்தது பார், பல்லோடு பல் இடித்தது. நீ திரும்பி "ஏம்மா, சத்தமே இல்லாம போகுதுல்ல?" என்றாய். உனக்குச் சத்தம் இல்லை சாமி, எனக்குத்தான் இருந்தது. முன்னால் உட்கார்ந்தவன் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறான். பின்னால் உட்கார்ந்தவள் சக்கரத்தின் தலைமேலேயே இருக்கிறாள். அந்தக் குத்து உனக்குப் பாதியாகத்தான் வந்து சேரும்.

பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்துப் பக்கம் டீக்கு நிறுத்தினாயே, அப்போது நான் இறங்கி முதலில் கை வைத்தது இடுப்பில். ஹெல்மெட்டைக் கழற்றியது அப்புறம்தான்.

ஆனால் காவேரிப்பட்டணத்தில் நெடுஞ்சாலை ஏறினதும் அதே வண்டி மெத்தையாக மாறிவிட்டது. பாலத்து இணைப்புகளில் உன் வண்டி டக் டக் என்று சொல்லிக்கொண்டே போனது. இது அதை விழுங்கிவிட்டுப் போனது. கால் குறுகுறுப்பு இல்லை, லாரிக் காற்றுக்கு அசையவில்லை. கிருஷ்ணகிரி வருவதற்குள் எனக்குக் கண் சொக்கியது. ஒரே வண்டி எப்படி அரை மணிக்கு முன்னால் எதிரியாகவும் அப்புறம் தொட்டிலாகவும் இருக்கும்? ராத்திரி உங்கப்பாவிடம் கேட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீயும் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை போடுகிற அந்தக் கடையில் வளர்ந்தவன்தானே, புரியும். கிரானைட் கல் ஏற்றுகிற லாரி காலியாக வந்தால் எப்படிக் குதிக்கும்? அதே லாரி கல்லை ஏற்றிக்கொண்டு போகும்போது யானை மாதிரி அசைந்து போகும். பட்டை அதேதான், மேலே இருக்கிற பாரம்தான் மாறியது. உன் வண்டி 191 கிலோ, இது 241 கிலோ. சரியாக ஒரு சிமெண்ட் மூட்டை வித்தியாசம். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் அங்கே 1400 மில்லி, இங்கே 1500. கனமும் நீளமும் இருந்தால் நல்ல ரோட்டில் சின்னச் சின்ன மேடு பள்ளத்தை உடம்புக்கு ஏற விடாது. ஓடுகிற எஞ்சினும் இரட்டை சிலிண்டர், அதிர்வு குறைவு. அதனால் அங்கே மெத்தை.

பள்ளத்தில் கணக்கு வேறு. அங்கே வண்டியின் கனம் கைகொடுக்காது, ஸ்பிரிங் எவ்வளவு தூரம் அமுங்க இடம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. சூப்பர் மீட்டியோரின் பின் ஷாக்குக்கு 101 மில்லி, அதாவது நாலு அங்குலம். முன்பக்கம் 120. உன் 350-க்கே முன்பக்கம் 130 இருக்கிறது. விலை கூடினால் எல்லாமே கூடும் என்று நினைத்தாய் அல்லவா? நான்கூட அப்படித்தான் நினைத்தேன். சீட்டைத் தாழ்வாக வைக்க வேண்டும் என்றால் சக்கரம் மேலே வருவதற்கு இடம் குறையத்தான் செய்யும். எனக்கு ஏறுவதற்குச் சுகமாக இருந்ததே, அந்தத் தாழ்வுக்கு என் இடுப்பு கொடுத்த விலை அது.

முன்சக்கரத்தைத் தாங்குகிற ஷாக்கு தலைகீழ் ஃபோர்க், ஷோவா கம்பெனியுடையது என்று நீ பெருமையாகக் காட்டினாய். நல்ல சாமான்தான், பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்தாமல் நின்றது, உங்கப்பாவும் தடவித் தடவிப் பார்த்தார். ஆனால் நான் முன்னால் உட்காரவில்லையே கண்ணு.

கால் வைக்கிற இடமும் முன்னால் தள்ளி இருக்கிறது. சாதாரண வண்டியில் பெரிய பள்ளம் வந்தால் நீ காலை ஊன்றிக் கொஞ்சம் எழுந்துகொள்வாய். இதில் சோபாவில் உட்கார்ந்த மாதிரி காலை நீட்டிக்கொண்டு எழ முடியாது. முதுகுத்தண்டின் அடிதான் ஷாக் அப்சார்பர்.

இன்னொரு விஷயம் நீ அறியாதது. வீட்டுக்கு வந்ததும் நீ குளிக்கப் போனபோது உங்கப்பா டேப்பை எடுத்துக்கொண்டு அந்த வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டார். முட்டி வலி எங்கே போனதோ. ஜாக்கி வைத்துப் பின்சக்கரத்தைத் தூக்கி, பின் அச்சிலிருந்து சீட்டு வரைக்கும் அளந்தார். அப்புறம் உன் சிநேகிதனை முன்னாலும் என்னைப் பின்னாலும் உட்கார வைத்து மறுபடி அளந்தார். ஆள் ஏறினால் மூன்றில் ஒரு பங்கு இறங்கலாம், இரண்டு பங்கு பள்ளத்துக்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பாதிக்கு மேல் இறங்கியிருந்தது! அந்தப் பையன் தனியாளாக ஓட்டுகிறவன், ஸ்பிரிங்கை இறுக்குகிற திருகை முதல் படியிலேயே வைத்திருக்கிறான். இருக்கிற நாலு அங்குலத்தில் பாதியை நாம் உட்கார்ந்தே தின்றுவிட்டோம். மிச்சம் தீர்ந்ததும் ஸ்பிரிங் ரப்பர் கட்டையில் போய் இடித்திருக்கிறது. நான் வாங்கிய குத்து அதுதான்.

மொத்தம் ஐந்து படி. டூல் பையிலிருந்த சி ஸ்பேனரால் கடைசிப் படிக்குத் திருப்பினார். அந்தப் பையன் என்னை மாம்பழ மண்டிக்கு முன்னால் இருக்கிற ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு தடவை ஏற்றி இறக்கினான். குத்து நின்றுவிட்டது. உதறல் நிற்கவில்லை. அந்தத் திருகல் ஸ்பிரிங்கைத் தூக்கித்தான் வைக்கும், அது திரும்ப எழுகிற வேகத்தைக் குறைக்காதாம். அதற்கு வேண்டுமானால் வேறு ஷாக்கே மாற்ற வேண்டும், அது தனிச் செலவு.

அதனால் வண்டி மோசம் என்று நான் சொல்லவில்லை. பாதிக் குற்றம் திருகாமல் விட்டதில் இருக்கிறது, அதைப் பையனிடம் பக்குவமாகச் சொல்லு.

செலவு என்றதும் நினைவு வந்தது. கடைக் கணக்கு எழுதின கை, சும்மா இருக்காது. 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. 648 சிசிக்கு நீ கட்டப்போவதில் எவ்வளவு வண்டிக்கு, எவ்வளவு வரிக்கு என்று ஒரு தாளில் பிரித்து எழுதிப் பார். வேண்டாம் என்று சொல்வதற்காக இல்லை, தெரிந்து கட்டு என்பதற்காக.

நீ சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது. "உங்களைச் சொகுசா கூட்டிட்டுப் போகத்தாம்மா பெருசா வாங்கறேன்." வருஷத்துக்கு எத்தனை நாள் நான் உன் வண்டியில் ஏறுகிறேன்? ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல், தைக்கு ஒரு தடவை உன் மாமா வீடு. அதற்கு பஸ் இருக்கிறது. தினமும் உன் பின்னால் ஏறி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவள் மருமகள். அவளிடம் கேட்டாயா? அவள் இன்னும் அந்த வண்டியில் ஒரு தடவைகூட ஏறவில்லை என்று நேற்று என்னிடம் சொன்னாள். புத்தகத்தில் போட்டிருக்கிற 47 குதிரை சக்தி உனக்கு, அந்த 101 மில்லி அவளுக்கு. உங்கள் தெருவில் பள்ளம் எத்தனை என்று நான் பெங்களூர் வந்தபோது எண்ணியிருக்கிறேன். அடிப்பக்கமும் இதில் தரையிலிருந்து 135 மில்லிதான், உன்னுடையதில் 170. இரண்டு பேர் ஏறினால் அதிலும் கொஞ்சம் போய்விடும். உங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் இருக்கிற அந்த மேட்டில் தட்டுகிறதா என்று பார்த்துக்கொள். பார்க்கிங்கில் 241 கிலோவைப் பின்னால் தள்ளி எடுக்கவும் பழகிப் பார்.

நீங்கள் இரண்டு பேரும் மாதம் இரண்டு தடவை நெடுஞ்சாலையில் தூரமாகப் போகிறவர்களாக இருந்தால் எனக்குப் பெரிய வண்டிதான் பிடிக்கும், பின்னால் சாய்மானம் வைத்ததாகப் பார்த்து வாங்கு. அலுவலகமும் சந்தையும்தான் என்றால் உன் 350-க்கே சீட்டை நல்லதாக மாற்றிவிட்டு இன்னும் இரண்டு வருஷம் ஓட்டலாம். உங்கப்பாவுக்கு இதில் என்னோடு ஒத்துப் போகவில்லை. அவருக்கு அந்த எஞ்சின் சத்தம் பிடித்துவிட்டது, காலையிலிருந்து அதைப் பற்றியே பேசுகிறார்.

அடுத்த சனிக்கிழமை அந்த வண்டியை இன்னொரு தடவை கேட்டு வாங்கி, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இங்கே வா. கிளம்புவதற்கு முன்னால் சி ஸ்பேனரால் திருகிக்கொள், எத்தனையாவது படி என்று உங்கப்பாவிடம் போனில் கேள். நெடுஞ்சாலையிலேயே வந்துவிடாதே, ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஊருக்குள் புகுந்து வா. நான் வாசலில்தான் நிற்பேன். அவள் இறங்கினதும் முதலில் ஹெல்மெட்டைக் கழற்றுகிறாளா, இடுப்பில் கை வைக்கிறாளா என்று பார்ப்பேன். நீயும் பார்.

அம்மா