பேக்கேஜைச் சொன்னீர்கள், வாடகையையும் சொல்லுங்கள்: சேலம் கல்லூரிகளின் பிளேஸ்மெண்ட் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளிலும் கலை அறிவியல் கல்லூரிகளிலும் பிளேஸ்மெண்ட் பொறுப்பில் இருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

நான் சிவதாபுரத்தில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். என் மூத்த மகள் இந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் படித்து, கேம்பஸிலேயே தேர்வாகி, இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி அவள்தான். அந்த வேலை கிடைத்ததற்குப் பின்னால் உங்களில் ஒருவருடைய உழைப்பு இருக்கிறது. நிறுவனம் நிறுவனமாகப் போய்ப் பேசிச் சேலம் வரைக்கும் வரவழைத்து, பிள்ளைகளுக்கு மாதிரித் தேர்வு வைத்து, இண்டர்வியூவில் எப்படி உட்கார வேண்டும் என்பது வரை சொல்லிக் கொடுத்து அனுப்பினீர்கள். அந்த நன்றி மாறாமல்தான் இதை எழுதுகிறேன்.

ஆஃபர் லெட்டரைக் கையில் கொடுக்கும்போதே, அந்த ஊரில் போய்க் குடியிருக்க என்ன செலவாகும் என்பதையும் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் சொல்லுங்கள். சொல்வதோடு நிற்காமல் நிறுவனத்திடமும் அதைப் பேசுங்கள். இதுதான் என் கோரிக்கை.

கல்லூரி வாசல்களில் பிள்ளைகளின் படத்தோடு பேக்கேஜ், அதாவது வருஷச் சம்பளத் தொகை போட்ட ஃபிளெக்ஸைப் பார்க்கும்போது எந்தப் பெற்றோருக்கும் மனசு நிறையும். மூன்றரை லட்சம் என்பது எங்கள் தெருவில் பெரிய தொகை. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 29,000 சொச்சம் வரும். ஆனால் அதற்குள் கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், வருஷக் கடைசியில் வந்தால் உண்டு என்கிற வேரியபிள் எல்லாம் அடக்கம். அவளுடைய பி.எஃப். பங்கையும் பிடித்தது போக என் மகள் கைக்கு வந்தது 24,000 சொச்சம்.

வீட்டுக் கணக்கைப் பாருங்கள். நாங்கள் பார்த்ததில் ஒரு படுக்கையறை வீடு ஒன்றின் வாடகை 14,000. ஆறு மாத அட்வான்ஸ் 84,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 14,000. முதல் மாத வாடகை இன்னொரு 14,000. ஆக, ஒரு பக்கெட், ஒரு பாய்கூட வாங்குவதற்கு முன்னால் 1,12,000 ரூபாய் வேண்டும். அது அவளுடைய நாலரை மாதச் சம்பளம். சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும், வீட்டுப் பணமோ சாவி வாங்கும் அன்றைக்கே எண்ணி வைக்க வேண்டியது. பத்து மாத அட்வான்ஸ் கேட்ட காலத்தை நினைத்தால் ஆறு மாதம் குறைவுதான் என்று புரோக்கர் ஆறுதல் சொன்னார்.

மூன்று பேர் சேர்ந்து எடுத்தால் குறையும், உண்மைதான். 21,000 வாடகையில் இரண்டு படுக்கையறை வீடு, ஆறு மாத அட்வான்ஸ் என்றால் தலைக்கு 42,000 அட்வான்ஸ், கமிஷன் 7,000, முதல் வாடகை 7,000. மொத்தம் 56,000. ஆனால் அதிலும் அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் ஒருத்திதான். நடுவில் ஒருத்தி வேலை மாறிப் போனால் அவள் பங்கு அட்வான்ஸை யார் திருப்பிக் கொடுப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தோன்றாது. நல்ல சிநேகிதிகள் இந்த ஒரு விஷயத்தில் முறைத்துக்கொண்டு பிரிந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நாங்கள் என் மனைவியின் வளையலைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தோம். அதில் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. என் கவலை அடகு வைக்க வளையல் இல்லாத வீடுகளைப் பற்றியது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர்களின் பெண் ஒருத்தி மகளோடு படித்தாள். மலையிலிருந்து இறங்கி வந்து, கீழே ஹாஸ்டலில் தங்கி, நாலு வருஷமும் நல்ல மார்க். அட்வான்ஸ் புரட்ட அவகாசம் வேண்டி ஜாயினிங் தேதியைத் தள்ளிக் கேட்டாள், கிடைக்கவில்லை. வேலை கைநழுவிப் போய்விட்டது. உங்கள் ஃபிளெக்ஸில் அவள் படமும் இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இதில் கல்லூரி என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நிறைய முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் இடம். மகளுடைய ஆஃபர் லெட்டரில் 'சென்னை' என்று மட்டும்தான் இருந்தது. எந்த ஆபீஸ் என்பது சேருவதற்கு ஒரு வாரம் முன்புதான் மெயிலில் வந்தது. சிறுசேரி ஒரு கோடி, அம்பத்தூர் மறு கோடி. எங்கே என்று தெரியாமல் எந்த ஏரியாவில் வீடு தேடுவது? கேட்டவர்கள் எல்லாரும் வேளச்சேரி வேளச்சேரி என்றார்கள், அங்கேயே அலைந்தோம். கடைசியில் வேலை சிறுசேரி சிப்காட் என்று ஆனபோது, வேளச்சேரி வாடகையையும் கொடுத்து, தினமும் பழைய மகாபலிபுரம் சாலை என்கிற ஓ.எம்.ஆர். நெரிசலிலும் நிற்க வேண்டும் என்று புரிந்தது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு சேலத்துப் பஸ் அங்கேயே இறக்கிவிடுகிறது. அங்கிருந்து வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் ஊருக்குள் நுழையாமலே சிறுசேரிப் பக்கம் போய்விடலாம். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் வாடகையும் குறைவு, மின்சார ரயிலும் உண்டு. இதை எங்களுக்குச் சொன்னவர் ஒரு டீக்கடைக்காரர். நீங்கள் சொல்லியிருக்கலாம். நிறுவனத்திடம் வேலை செய்யும் இடத்தையும் ஜாயினிங் தேதியையும் மூன்று வாரத்துக்கு முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாணவர் கேட்டால் பதில் வராத மெயிலுக்குக் கல்லூரி கேட்டால் பதில் வரும்.

வேளச்சேரியில் ஒரு வீடு பார்த்தோம். தரைத்தளம், புதுப் பெயிண்ட், அந்தத் தெருவிலேயே குறைந்த வாடகை. மகளுக்குப் பிடித்துவிட்டது. எனக்குச் சுவிட்ச் போர்டுகளைப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. எல்லாமே என் நெஞ்சு உயரத்துக்கு மேலே இருந்தன. மிக்ஸி வைக்கும் இடத்தில்கூடக் கீழே ஒரு பிளக் இல்லை. அலமாரிக் கதவைத் திறந்தால் உள்சுவரில் பெயிண்ட் படாத இடத்தில் பழுப்பாக ஒரு கோடு, நேர்கோடாக, மூலை வரைக்கும் போகிறது. வெளியே வந்து தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேட்டேன். "சார், கீழ் வீடு வேணாம். பொம்பளப் புள்ள வேற. மிக்ஜாம் புயலுக்கு இங்க தண்ணி இடுப்பளவு நின்னுச்சு" என்றார். கோடை மாதத்தில் வீடு பார்க்கிற வெளியூர்க்காரருக்கு டிசம்பர் மழை தெரியாது. ஏரியாக்காரரிடம் 2015இல் வெள்ளம் எவ்வளவு வந்தது, 2023இல் எவ்வளவு வந்தது என்று கேட்காமல் சென்னையில் தரைத்தள வீட்டுக்கு டோக்கன் என்கிற முன்பணம் கொடுக்கக் கூடாது. ஓ.எம்.ஆரில் இதற்கு நேர்மாறான கஷ்டமும் உண்டு. லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் அபார்ட்மெண்ட்களில் கோடையில் மெயின்டனன்ஸ் ஏறும். 2019 கோடையில் தண்ணீருக்குப் பட்ட பாட்டை அங்கே இருப்பவர்களுக்கு இன்னும் சொல்லி மாளவில்லை.

இரண்டாவது, சட்டம். உங்கள் கடைசி வருஷ வகுப்பில் அரை நாள் ஒதுக்கி ஒரு வக்கீலை அழைத்து இதைச் சொல்லித் தர முடியாதா? வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்தது. புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்பித் தர வேண்டும். தகராறு என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு என்று அட்டவணையே போட்டிருக்கிறது. நடப்பில் என்னவென்றால், காலி செய்யும்போது பெயிண்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறார்கள், பிள்ளைகளும் அதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்த மூன்று மாத வரம்பிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்று சட்டமே சொல்லிவிட்டதால், ஆறு மாதம் என்று அக்ரிமெண்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அதோடு சரி. 2021இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம்தான் என்கிறது. இதை அரசு சரிசெய்ய வேண்டும், அதை அவர்களிடம் தனியாகக் கேட்போம். இருந்தாலும், சட்டம் மூன்று என்கிறது என்று தெரிந்து பேரம் பேசுகிற பிள்ளையும், தெரியாமல் தலையாட்டுகிற பிள்ளையும் ஒன்றல்ல. மகள் இப்போது இருக்கும் வீட்டில் அப்படிப் பேசித்தான் ஆறை நாலாகக் குறைத்தோம். அந்த வீட்டு அம்மா நல்ல மாதிரி, வாடகையை நம்பி இருக்கும் விதவை. அவரிடம் சட்டம் பேசவே எனக்குத் தயக்கமாக இருந்தது, ஆனால் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

கரண்ட் விஷயமும் சொல்ல வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். பல வீடுகளில் சப்-மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்குகிறார்கள். தனி மீட்டர் இருக்கிறதா, பில்லைக் காட்டுவார்களா என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள். நேரில் வீட்டையும் உரிமையாளரையும் பார்க்காமல், படத்தைப் பார்த்து டோக்கன் அனுப்பாதீர்கள் என்றும், ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்ய வேண்டும் என்றும் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு அரசின் 'தோழி' விடுதிகள் இருப்பதைச் சொல்லுங்கள். பி.ஜி. என்கிற தனியார் விடுதி என்றால், பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014ஆம் வருஷச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

பெங்களூர் போகிற பிள்ளைகள் நம் ஊரில் அதிகம், சென்னையை விடக் கிட்ட. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றால் ஓசூரில் தங்கிப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். வாடகையும் குறையும், நம் மாநிலச் சட்டமும் பேசும்.

மூன்றாவதாக நான் சொல்லப்போவது எழுதவே கஷ்டமாக இருக்கிறது. வேலை, சம்பளம், ஆதார் எல்லாம் கேட்டு முடித்த பிறகு, ஒரு வீட்டில் என் மகளிடமே "நீங்க என்ன ஆளுங்கம்மா?" என்று கேட்டார்கள். கறி சமைப்பீர்களா என்று கேட்டவர்கள் உண்டு. பேமிலிக்கு மட்டும் என்று வாசலிலேயே திருப்பியவர்கள் உண்டு. நாலு வருஷம் படித்து, வேலை வாங்கி, தலை நிமிர்ந்து போன பிள்ளை அன்றைக்குப் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை, வெளியே வந்துவிடு, அது உன் குறை இல்லை என்று அவளிடம் நான் சொன்னேன். அதை உங்கள் வாயாலும் பிள்ளைகள் கேட்டால் நன்றாக இருக்கும்.

இத்தனைக்கும் கை கொடுக்கக்கூடியது ஒன்று உங்களிடமே இருக்கிறது, பழைய மாணவர்கள். வருஷா வருஷம் நூற்றுக்கணக்கான சேலத்துப் பிள்ளைகள் அதே ஓ.எம்.ஆருக்கும் அதே அம்பத்தூருக்கும் போகிறார்கள். ஒவ்வொரு மாதமும் யாரோ வீட்டைக் காலி செய்கிறார்கள், யாரோ புரோக்கருக்கு ஒரு மாத வாடகையைக் கொடுக்கிறார்கள். சீனியர் காலி செய்யும் வீடு நேராக ஜூனியருக்குப் போனால் கமிஷன் மிச்சம். உரிமையாளருக்கும் தெரிந்த பிள்ளையின் தெரிந்த பிள்ளை என்ற நம்பிக்கை வரும், கேள்விகள் குறையும். ஏரியா வாரியாக ஒரு வாட்ஸ்அப் குழு, அதைப் பார்த்துக்கொள்ள உங்கள் அலுவலகத்தில் ஒருவர். கூடவே கல்லூரி லெட்டர்ஹெட்டில் இவர் எங்கள் மாணவர், இன்ன நிறுவனத்தில் சேர்கிறார் என்று ஒரு கடிதம் கொடுங்கள். காசு செலவில்லாத காரியங்கள் இவை.

நிறுவனங்களிடம் பேசும்போது, சேர்ந்த முதல் இரண்டு வாரம் தங்க இடமும், அட்வான்ஸுக்கு வட்டியில்லாக் கடனும் கேளுங்கள். பத்து மாதத்தில் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும். ஏற்காட்டுப் பெண்ணுக்கு அது கிடைத்திருந்தால் இன்று அவளும் வேலையில் இருப்பாள்.

மகளோடு தங்கியிருக்கும் பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம், ஓர் இடம் காலியாகிறது. உங்கள் கல்லூரியிலிருந்து எந்தப் பெண்ணாவது சிறுசேரிப் பக்கம் வேலைக்குப் போவதாக இருந்தால் அந்த இடத்தைத் தருகிறோம். அட்வான்ஸ் பங்கை மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும் என்று மகள் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
ஒரு பழைய மாணவியின் தந்தை
சிவதாபுரம், சேலம்