வெங்காய வேர்நுனிப் பட்டறைக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்காக வைத்த தாவரக் கலப் பட்டறை நல்லபடியாக முடிந்தது. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே.

முதல் நன்றி, நுணுக்குக்காட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த டீச்சருக்கு. வேர்நுனியை நசுக்கிச் சாயமேற்றி அவர் வைத்துக் கொடுத்த வழுக்கியில், பிரியும் கலமொன்றில் பரம்பரைச் செய்தியைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்த ஒரு பிள்ளை, "இதை யார் டீச்சர் இழுக்கிறது?" என்று கேட்டது. மீதிப் பொழுது முழுக்க அந்தக் கேள்வியில்தான் போனது. இழுப்பது நுண்புன்குழாய்கள், அதாவது கலத்துக்குள் இருக்கும் மிக மெல்லிய புரதக் குழாய்கள். ஒன்றின் தடிப்பு சுமார் 25 நனோமீற்றர்தான், எங்கள் நுணுக்குக்காட்டிக்கு அது தனியாக அகப்படாது. விலங்குக் கலத்தில் இவற்றுக்கு ஒரு மையமாகப் புன்மையத்திகள் என்ற சிறு உறுப்புகள் இருக்கும் இடம் உண்டு, வெங்காயத்தில் அதுவும் இல்லை. குழாய்களில் வந்து ஒட்டும் புரதங்கள்தான் அங்கே ஒழுங்கைக் கொண்டுவருகின்றன.

அந்த இடத்தை எடுத்து விளக்கிய பல்கலைக்கழகத் தம்பிக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. ஈர்க்கையும் நூலையும் வைத்தே காட்டினார்: எம்.ஏ.பி.65 என்ற புரதம், எதிரெதிர்த் திசையில் கிடக்கும் இரண்டு குழாய்களைக் கிட்டத்தட்ட ஒரு குழாயின் தடிப்பளவு இடைவெளி விட்டுப் பாலம் போட்டுக் கட்டும், கற்றனின் என்பது ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் குழாயை வெட்டும், இப்படிக் கட்டியும் வெட்டியும் கலத்தின் மென்சவ்வுக்குக் கீழே குழாய்கள் நிரையாக வர, கலச்சுவருக்கான செலுலோசை உருவாக்கும் நொதிகள் அந்த நிரையைப் பிடித்துக்கொண்டே ஓடும், கலம் எந்தப் பக்கம் நீளும் என்பதும் அதோடு சேர்ந்தே முடிவாகும். அப்புறம் மோர்1 என்ற இன்னொரு புரதம். அந்தப் புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறிய அரபிடொப்சிஸ் என்ற சிறு ஆய்வுகூடச் செடியில், 21 பாகை செல்சியஸில் ஒழுங்காக நிற்கும் குழாய்கள் 29 பாகையில் குட்டையாகிக் கலைந்துவிடும் என்றதும், ஃபேனுக்குக் கீழேயும் வியர்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கொழும்புப் பகல் வெயில் அதைவிடக் கூட அல்லவா!

மண்டபத்தைக் காசு வாங்காமல் தந்த ஐயா, படங்களை இரவோடு இரவாகப் பெரிதாக அடித்துத் தந்த அச்சகத்து அண்ணன், தேநீரும் வடையும் கொண்டுவந்த அக்காமார், உங்களுக்கும் மனமார்ந்த நன்றி.

ஈர்க்கு மாதிரிகளும் படங்களும் என்னிடம் இருக்கின்றன. கொட்டாஞ்சேனைப் பக்கம் எந்தப் பாடசாலைக்காவது தேவை என்றால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.