கடலுக்கு முதுகு காட்டி நிற்காதே

தோட்டப்பாளையம், வேலூர்
ஆடி வெள்ளி, மத்தியானம்

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய கடல் படம் வந்தது. கீழே ஒரு எழுத்துகூட எழுதவில்லை. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "பாயிண்ட் லோபோஸ்தானே? கலிபோர்னியாவுல அந்தக் கடலோரப் பூங்கா, உன்னக் கூட்டிட்டுப் போனாளே" என்று உடனே கண்டுபிடித்துவிட்டார். போனைத் திறந்தால் அதுதான் வருகிற மாதிரி வைத்தும் கொண்டார். காலையில் கோட்டைக்கு நடக்கப் போனபோது அகழி ஓரத்தில் நாலு பேருக்காவது காட்டியிருப்பார்.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பறவைத் தீவுக்குப் போகிற பாதைக்கு முன்னால் இருக்கிற அந்த மர மேஜை. அதன் மேல் உன் பேர் வெட்டின எவர்சில்வர் டம்ளர். முதல் எழுத்துகூடத் தெரிந்தது. இவ்வளவு தூரம் போயும் அதில்தான் டீ குடிக்கிறாய் என்று பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

இந்த மாதத்தில் இது மூன்றாவது படம். சான்ஹோசேயில் இருந்து போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். கில்ராய் தாண்டும்போது காருக்குள் பூண்டு வாசனை அடித்ததே, அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் வளைந்து வளைந்து போகிற ரோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். நீ நன்றாகத்தான் ஓட்டுகிறாய். நம் வீட்டில் சைக்கிளைத் தாண்டி ஓட்டின முதல் பொம்பளை நீதான், அந்தப் பெருமை எனக்கு எப்போதும் உண்டு. ஆனாலும் வாராவாரம் அவ்வளவு தூரம் எதற்கு? ஆடி மாதத்தில் அங்கே மூடுபனி இறங்கிவிடும், எதிரில் வருகிற வண்டி தெரியாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். போவதாக இருந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு போ.

போனாலும் கடலுக்கு முதுகு காட்டி நிற்காதே. படம் எடுக்கிற சாக்கில் பாறை மேல் ஏறாதே. பாதை ஓரத்தில் தாழ்வாகக் கம்பி கட்டியிருக்கிறார்களே, அதைத் தாண்டாதே. பத்து அலை சின்னதாக வரும், திடீரென்று ஒன்று ஆள் உயரத்துக்கு வரும் என்று அன்றைக்கு எனக்குப் பாடம் எடுத்தவள் நீ. பக்கத்து மொனாஸ்டரி பீச்சில் கரையை விட்டு இறங்கினால் உடனே ஆழம், எத்தனையோ பேரை அலை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்றும் சொன்னாய். நமக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்? பாலாற்றை மணலாகவே பார்த்து வளர்ந்தவர்கள். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது வேலூரே பாலத்தில் திரண்டு நின்று வேடிக்கை பார்த்தது. கோட்டை அகழித் தண்ணீர் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே ஏறிவிட்டது. எந்தச் சத்தமும் இல்லாமல்தான் ஏறியது.

சரி, வீட்டு விஷயம். சின்னவள் ஆடிக்கு வந்திருக்கிறாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். அவள் மாமியார் முள்ளுக் கத்தரிக்காய் கேட்டார் என்று இரண்டு கிலோ வாங்கிக் கட்டி வைத்திருக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கூடித்தான் இருக்கிறது, கேட்டால் நடக்கிறேனே என்கிறார். ஆரணி சித்தி வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். உன்னைப் பற்றி நிறையக் கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி அனுப்பினேன்.

நீ போன் எடுத்துப் பதினாறு நாள் ஆகிறது. படம் அனுப்ப நேரம் இருக்கிறது, பேச இல்லையா? கோபமாகச் சொல்லவில்லை. உன் வேலை எனக்குத் தெரியாதா? இருந்தாலும் ஒரு நிமிஷம் குரலைக் கேட்டால் போதும், சாப்பிட்டாயா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் எடுக்க மாட்டேன் என்கிறாயோ என்னவோ.

தனியாகப் போனால் கடலுக்கு முதுகு காட்டாதே. மூன்று மூன்று இலையாக இருக்கிற அந்தச் செடிப் பக்கமும் போகாதே. நம் மலைச் செந்தட்டி பட்டால் அன்றைக்கே அரித்துவிட்டு அடங்கிவிடும், இது வாரக்கணக்கில் கொப்புளம் போடும் என்றாயே. முழுக்கால் பேண்ட் போட்டுக்கொள். ஸ்வெட்டர் எடுத்துப் போ.

போன வருஷம் சித்திரையில் உன்னோடு அங்கே நடந்ததை நான் மறக்கவே இல்லை. இங்கே 106, 108 டிகிரி என்று அப்பா போனில் புலம்பிக்கொண்டிருந்தார், நான் அங்கே சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றேன். இந்த முட்டியோடு எங்கே நடப்பது என்று பயந்துதான் வந்தேன். சைப்ரஸ் தோப்பைச் சுற்றிவர ஒரு மைல்கூட இல்லை. இரண்டு இடத்தில் படி, மற்றபடி நம் கோட்டைப் பூங்கா மாதிரி சுலபமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நீ நின்று எனக்காகக் காத்திருந்தாய். காற்றுக்குச் சாய்ந்து, ஒரு பக்கமாகவே கிளை விட்ட மரங்கள். அந்த ஜாதி மரம் தானாக முளைத்து வளர்வது உலகத்திலேயே இரண்டே இடத்தில்தான், ஒன்று இது, இன்னொன்று அதோ அந்த வளைகுடாவுக்கு எதிர்ப்பக்கம் என்று கை நீட்டிக் காட்டினாய். காய்ந்த கிளை முழுக்க யாரோ செந்தூரம் அப்பிவிட்ட மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தேன், பட்டுப் போல இருந்தது. பாசிதான் அது, கேரட்டில் இருக்கிற அதே நிறச் சத்து அதிலும் இருக்கிறது, மரத்துக்கு ஒன்றும் கெடுதல் இல்லை என்றாய். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவள் நான், பாசி என்றால் பச்சை என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் மகள் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று மனசு நிறைந்து போனது.

அப்புறம் அந்தப் பழைய மரவீடு. 1850-களில் சீனாவில் இருந்து வந்த மீனவர்கள் கட்டியது. தரைக்குக் கீழே முட்டுக் கொடுக்கத் திமிங்கிலத்தின் முதுகெலும்பை வைத்திருந்தார்களே, அதைக் குனிந்து குனிந்து பார்த்தாய். எதிரே இருந்த கடலோரத்தில் கடல்நாய்கள் குட்டி போட்டு, மூட்டை அடுக்கின மாதிரி படுத்திருந்தன. ஆள் போனால் தாய் குட்டியை விட்டுவிட்டு ஓடிவிடும் என்று அந்தக் கரைக்கு யாரையும் விடவில்லை.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே போகிறேன். கடற்சிங்கங்கள் இருக்கிற முனையைப் பற்றி எழுதத்தான் கை வரவில்லை.

அங்கே பாறை மேல் அவை ஓயாமல் குரைத்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தால்தான் பழைய ஸ்பானியக்காரர்கள் கடல் ஓநாய் முனை என்று பேர் வைத்தார்களாம். கம்பி ஓரத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நானும் அவரும்..." என்று ஆரம்பித்தாய். அந்தச் சத்தத்தில் எனக்குக் காதில் விழவில்லை என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாயோ? விழுந்தது கண்ணு. அந்த இரண்டு வார்த்தையிலேயே மீதியும் புரிந்துவிட்டது. புரிந்ததும் நான் என்ன செய்தேன்? "அங்க பாரு, நீர்நாய்" என்று கையை உருவிக்கொண்டு கடலைக் காட்டினேன்.

நீர்நாய் இருந்தது உண்மைதான். கெல்ப் பாசிக்கு நடுவே மல்லாந்து மிதந்துகொண்டு, குட்டியை வயிற்றின் மேல் போட்டு நக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அலைக்கும் குட்டி நழுவும், அது முன்னங்காலால் இழுத்து மேலே போட்டுக்கொள்ளும். நாம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். நீ அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கில்ராய் வரைக்கும் ரேடியோவைப் போட்டுக்கொண்டு வந்தாய்.

அந்த வாரம்தான் சின்னவளைப் பெண் பார்க்க வருகிறோம் என்று ஆம்பூர்க்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மூத்தவள் விஷயம் வெளியே தெரிந்தால் இது தட்டிப் போய்விடும் என்று பயந்தேன். முதலில் இது முடியட்டும், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று உன்னைத் தள்ளி வைத்தேன். நிச்சயம் முடிந்தது, கேட்கவில்லை. தையில் கல்யாணம் முடிந்தது, கேட்கவில்லை. மண்டபத்தில் எல்லோரிடமும் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ பந்தியில் சாம்பார் வாளியோடு நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி என்னைக் காப்பாற்றினாய். ஒரு பிள்ளைக்கு வழிவிட இன்னொரு பிள்ளையின் வாயை அடைத்தேன். இதைச் சின்னவளுக்கும் சொல்லவில்லை, உன் அப்பாவுக்கும் சொல்லவில்லை.

அந்த டம்ளர் ஜோடி டம்ளர். பாத்திரக் கடையில் பக்கத்தில் உட்கார்ந்து உன் பேரையும் மாப்பிள்ளை பேரையும் நான்தான் வெட்டச் சொன்னேன். மூன்று படத்திலும் ஒன்றுதான் இருக்கிறது.

எதிர்வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான். பருப்புப் பொடி அரைக்க உட்கார்ந்தேன், எத்தனை பேருக்கு என்று தெரியவில்லை. ஒரு கிலோவாகப் போட்டுவிட்டேன். அந்தப் பைக்குள்தான் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். போனில் எழுதினால் அப்பா பார்ப்பார்.

அவர் காலையில் ஐந்தரைக்குக் கோட்டைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குத்தான் திரும்புவார். அவர் கிளம்பும்போது உனக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணி. சின்னவளும் புதன்கிழமை போய்விடுவாள். அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டில் நான் மட்டும்தான். போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருப்பேன். நடுவில் பேச மாட்டேன். "நானும் அவரும்" என்று ஆரம்பித்தாயே, அங்கிருந்தே சொல்லு.

உன் அம்மா